தந்தித் தெரிவும் இசை நோக்கும்: பேஸ் கிற்றாரின் தட்டைச்சுற்றுத் தந்தி பற்றிய ஒரு மதிப்பீடு

கலைப் படைப்பொன்றை மதிப்பிட முற்படும் திறனாய்வாளர் பெரும்பாலும் முடிந்த பொருளையே கையிலெடுப்பர். பாட்டு எவ்வாறு அமைந்தது, நாடகம் எவ்வாறு மேடையேறியது, ஓவியம் எதனை உணர்த்திற்று என்பனவே அவர்தம் வினாக்களாகும். அப்படைப்பு உருவாவதற்குப் பயன்பட்ட கருவியும் மூலப்பொருளும் கைவினைஞரின் கவலைகள் என ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. இலக்கியத்தைப் பொறுத்தவரை இவ்வொதுக்கல் நெடுநாள் நிலைக்கவில்லை. அகவலில் இயல்பாக ஓடும் கூற்று வெண்பாவில் இறுக்கம் பெறுவதையும், விருத்தம் நீண்ட கதை கூறலுக்கு இடந்தந்தமையையும் நோக்கியவர்கள், யாப்பின் தெரிவு பொருளினின்றும் பிரிக்கக்கூடியதொன்றன்று என்பதை நன்கறிவர். ஆயின் இசையைப் பற்றிப் பேசுமிடத்து இவ்விழிப்பு அருகியே காணப்படுகின்றது. இசைக்கருவியின் தந்தி எத்தகையது என்ற வினா கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பேரமாகவே கருதப்பட்டு வருகின்றது.

மேலைத்தேயப் பொப்பிசையிலும் ஜாஸ், சோல், றொக் ஆகிய இசை வகைகளிலும் தாழ்குரற் பகுதியைத் தாங்கும் மின் பேஸ் கிற்றாருக்குத் தட்டைச்சுற்றுத் தந்தியைத் தெரிவு செய்வது பற்றி இருவேறு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. அது காலங்கடந்த பொருள், ஒளியற்ற மந்தமான ஒலியைத் தருவது, இளைய தலைமுறைக்கு உதவாதது என்பது ஒன்று. உண்மையான பேஸ் ஒலி அதிலேயே உறைகின்றது, 1960களின் பெரும் இசைத்தட்டுகளின் இரகசியம் அதுவே என்பது மற்றையது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரு கருத்துகளும் அடிப்படையில் ஒரே தவற்றைச் செய்கின்றன. இரண்டும் இசைஞனின் நோக்கிலும் உழைப்பிலும் தேடவேண்டியதைச் சந்தைப் பண்டமொன்றினுள் தேடுகின்றன. இசைக்குழுவில் ஒருவன் ஏற்கும் பணி யாது என்ற வினாவிலிருந்தே தந்தித் தெரிவு பிறத்தல் வேண்டும் என்பதும், அவ்வினாவை மறந்து தந்தியைப் போற்றுவது அதனை மீட்டிய மனிதரை மறைப்பதிலேயே சென்று முடியும் என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

1

தந்தியின் அமைப்பை அறியாது அதன் அழகியலைப் பேசுதல் இயலாது. தந்தியொன்றின் மீடிறன் அதன் நீளத்துக்கு நேர்மாறாகவும், இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேராகவும், ஓரலகு நீளத்தின் திணிவினது வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகவும் அமையும். இவ்விதியை மேர்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1636ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். பேஸ் கிற்றாரின் நான்கு தந்திகளும் திறந்த நிலையில் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹேர்ட்ஸ் மீடிறன்களில் ஒலிப்பவை. இத்துணைத் தாழ்ந்த ஒலியைக் கையாளத்தக்க நீளத்தில் பெறுவதற்குத் தந்தி கனமாதல் வேண்டும். ஆனால் தனி உருக்குக் கம்பியைத் தடிப்பாக்கிக்கொண்டே சென்றால் அது கோல் போல விறைத்து, அதன் மேற்றொனிகள் அடிப்படைச் சுரத்தோடு இசையாது விலகிவிடும். எனவே மெல்லிய உள்ளிழையொன்றின்மீது வேறொரு கம்பியைச் சுற்றித் திணிவைக் கூட்டி, நெகிழ்வை இயன்றவரை காப்பாற்றும் முறை கைக்கொள்ளப்பட்டது.

அவ்வாறு சுற்றப்படும் வெளிக்கம்பியின் குறுக்கு வெட்டுமுகம் வட்டமாயின் அது உருண்டைச்சுற்றுத் தந்தி. நாடாப்போலத் தட்டையாயின் அது தட்டைச்சுற்றுத் தந்தி. இசைஞர் இதனையே பிளாற்வவுண்ட் என்பர். தட்டைச்சுற்றில் உருக்கு உள்ளிழையின்மேல் முதலில் வட்டக் கம்பி சுற்றப்பட்டு, அதன்மேல் உலோக நாடா விளிம்போடு விளிம்பு பொருந்துமாறு போர்த்தப்படுகின்றது. முன்னையதன் மேற்பரப்பு திருகாணியின் புரி போன்று மேடும் பள்ளமுமாய் இருக்க, பின்னையது மெருகிட்ட கோல் போல வழுவழுப்பாக இருக்கும். இவை இரண்டுக்கும் இடைப்பட்டனவும் உள. வட்டக் கம்பியைச் சுற்றிய பின் அதன் மேற்புறத்தை மட்டும் அரைத்துச் சமனாக்கிய தந்தி ஒன்று. உலோக நாடாவுக்குப் பதிலாக நைலோன் நாடாவைப் போர்த்திய தந்தி மற்றொன்று.

மேற்பரப்பின் இச்சிறு வேறுபாடு மூன்று விளைவுகளைத் தருகின்றது. முதலாவது தொனி சார்ந்தது. உருண்டைச்சுற்றுத் தந்தியில் உயர் மேற்றொனிகள் வலுவாக எழுந்து நீடிக்கும். பியானோவின் தாழ்சுரங்களையொத்த உலோக ஒளி அதற்கு உண்டு. தட்டைச்சுற்றில் அவை விரைவில் தணிய, அடிப்படைச் சுரமும் அதனையடுத்த சில மேற்றொனிகளுமே மேலோங்கி நிற்கும். இரண்டாவது தொடுகை சார்ந்தது. விரல் தந்தியின்மீது வழுக்கும்போது உருண்டைச்சுற்றில் எழும் கிறீச்சொலி தட்டைச்சுற்றில் இல்லையெனலாம். மெட்டுகளும் மெட்டுப்பலகையும் தேய்வதும் குறைவு. மூன்றாவது காலம் சார்ந்தது. வியர்வையும் தோற்றுகளும் தூசியும் உருண்டைச்சுற்றின் பள்ளங்களில் அடைந்து சில கிழமைகளிலோ மாதங்களிலோ அதன் ஒளியை அவித்துவிடும். தட்டைச்சுற்றில் அடைவதற்கு இடமில்லை. புதிதில் சற்றே துலக்கமாக ஒலிக்கும் அது, பழகப் பழக இறுகி ஒரு நிலையை அடைந்து, அந்நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கவல்லது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தட்டைச்சுற்றுத் தந்தியின் இயல்பு ஒருவகை அடக்கம் என்பது புலனாகும். அது சிலவற்றைத் தர மறுக்கின்றது. அம்மறுப்பு குறையா நிறையா என்பதைத் தந்தியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்மானித்தல் இயலாது.

2

இவ்வடக்கம் தொடக்கத்தில் எவராலும் தெரிவு செய்யப்பட்டதன்று. மரபுவழி வந்து சேர்ந்தது. லியோ பென்டர் கலிபோர்ணியாவில் 1951ஆம் ஆண்டில் பிறிசிஷன் பேஸ் என்னும் கருவியை வெளியிட்டபோது, அது ஈடுசெய்ய முனைந்தது நின்றபடி வாசிக்கும் டபிள் பேஸை ஆகும். சுமத்தற்கரிய அப்பெருங்கருவி நடன மண்டபங்களில் முரசொலிக்கும் பித்தளை வாத்தியங்களுக்கும் இடையே கேளாது போயிற்று. 34 அங்குலத் தந்தி நீளமும் சுரத்தைத் துல்லியமாக வரையறுக்கும் மெட்டுகளும் ஒலிபெருக்கியும் கொண்ட புதுக்கருவி இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது. லயனல் ஹம்ப்ரனின் இசைக்குழுவில் மொங் மொன்ற்கொமறி 1950களின் முற்பகுதியிலேயே இதனை வாசித்தார். அவரைப் போன்றோர் டபிள் பேஸில் பழகியவர்கள். குடல்நரம்பைச் சுண்டும்போது தடித்து எழுந்து விரைவில் அடங்கும் ஒலியே பேஸ் என்பது அவர்தம் செவியிற் பதிந்திருந்தது. தட்டைச்சுற்றுத் தந்தி அச்செவிக்கு இயல்பாகவே இயைந்தது. ஹாம்பேர்க் நகரில் 1961ஆம் ஆண்டில் போல் மக்கார்ட்னி வாங்கிய வயலின் வடிவ ஹொஃப்னர் பேஸிலும், மெம்பிஸ் நகர் ஒலிப்பதிவுகளில் டொனல்ட் டக் டன் வாசித்த பென்டர் பேஸிலும் பூட்டப்பட்டிருந்தவை இவ்வகைத் தந்திகளே.

1960களின் நடுப்பகுதியில் இந்நிலை மாறிற்று. றொக் இசைக்குழுக்கள் சிறுத்தன, ஒலிபெருக்கிகள் பெருத்தன. மூவரோ நால்வரோ மட்டும் மேடையில் நிற்கும்போது, பேஸ் வாசிப்பவன் வெற்றிடத்தை நிரப்பும் இரண்டாவது முதன்மைக் குரலாக மாறும் வாய்ப்பு ஏற்பட்டது. த ஹூ என்னும் ஆங்கிலக் குழுவின் ஜோன் என்ற்விஸில் அவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தியவர். அவர் வேண்டிய பியானோ போன்ற ஒலியைத் தட்டைச்சுற்று தரவில்லை. றோட்டோசவுண்ட் நிறுவனத்தாரோடு சேர்ந்து 1966ஆம் ஆண்டில் அவர் முயன்றதன் பேறாக உருவான உருண்டைச்சுற்றுத் தந்தி, பின்வந்த தசாப்தத்தில் பேஸ் கிற்றாரின் பொது ஒலியையே மாற்றியமைத்தது. பெருவிரலால் தந்தியை அறைந்தும் பிற விரல்களால் பறித்தும் வாசிக்கும் முறை 1970களில் பரவியபோது, உருண்டைச்சுற்றின் உலோக ஒளி அதற்கு உறுதுணையாயிற்று.

ஜாக்கோ பஸ்ரோறியஸ் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது முதலாவது இசைத்தட்டில் சேர்த்த போர்ட்றெயிற் ஒஃவ் ட்றேசி என்னும் படைப்பை இவ்விடத்து நோக்குதல் தகும். தந்தியை மெட்டுப்பலகையில் அழுத்தாது, குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்றொனிகளைக் கொண்டே அதன் பெரும்பகுதி பின்னப்பட்டுள்ளது. உயர் மேற்றொனிகளைத் தணிக்கும் தட்டைச்சுற்றுத் தந்தியில் அத்தகைய படைப்பொன்று எண்ணத்தில் உதித்திருத்தலே அரிது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் வாசித்தது மெட்டில்லாத கருவி. அதன் மரப்பலகையை உருண்டைச்சுற்று அரம் போல அராவிவிடும் என்பதால் அத்தகைய கருவிக்குத் தட்டைச்சுற்றே உகந்தது என்பது பொதுவான அறிவுரை. அவரோ தந்தியை மாற்றவில்லை. பலகையின்மீது கடினமான எப்பொக்சிப் பூச்சொன்றைப் பூசிக்கொண்டார். நோக்கம் தெளிவாக இருந்தமையால் கருவியை அதற்கேற்ப அவர் வளைத்தார். தந்தி பற்றிய பொது அறிவுரைகளின் எல்லையை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது.

இவ்வரலாற்றைக் கருத்திற்கொள்ளும்போது, தட்டைச்சுற்றைக் காலங்கடந்தது என ஒதுக்குவோரின் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளவே வேண்டும். பேஸின் பணி விரிந்தபோது புதிய ஒலி தேவைப்பட்டது. அத்தேவையைப் பழைய தந்தி நிறைவேற்றவில்லை. ஆனால் புதியது தோன்றியதனால் பழைய பணி இல்லாதொழியவில்லை. புதுக்கவிதை வந்தபின் வெண்பா எழுதுவோரெல்லாம் பிற்போக்காளர் என்று முடிவுகட்டுவது எத்துணை அவசரமானதோ, அத்துணை அவசரமானது இம்முடிவும்.

3

தட்டைச்சுற்றின் பெருமை பேசுவோர் தவறாது சுட்டும் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பதாகும். எனவே அவரது வாசிப்பைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியமாகின்றது. 1936ஆம் ஆண்டில் தென் கரோலைனாவின் எடிஸ்ரோ தீவில் பிறந்து, டிற்றோயிற் நகரில் டபிள் பேஸ் பயின்ற இவர், மோட்டவுண் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்தில் 1960கள் முழுவதும் கூலிக்கு வாசித்தார். அவரது கருவி 1962ஆம் ஆண்டுப் பிறிசிஷன் பேஸ். அதில் அவர் பூட்டியவை லா பெல்லா நிறுவனத்தின் கனத்த தட்டைச்சுற்றுத் தந்திகள், 0.052 அங்குலம் முதல் 0.110 அங்குலம் வரை தடிப்புள்ளவை. அறுந்தாலன்றி அவர் தந்திகளை மாற்றியதில்லை. குதிரையை மூடும் தகட்டின் கீழ் நுரைப்பஞ்சு வைக்கப்பட்டிருந்தமையால் சுரங்கள் நீளாது அடங்கின. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே அவர் மீட்டினார். ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கி வைக்கப்படாது, கருவியின் மின்சைகை நேரே ஒலிப்பதிவுப் பலகைக்குச் சென்றது.

இவ்விவரங்களை மனப்பாடமாக ஒப்புவிக்கவல்லோர் பலர். அதே தடிப்புள்ள தந்தித் தொகுதி இன்றும் அவரது பெயரோடு சேர்த்தே விற்கப்படுகின்றது. அதனை வாங்கிப் பூட்டியோரில் பெரும்பாலோர் தாம் எதிர்பார்த்த ஒலி எழாமை கண்டு ஏமாற்றமடைகின்றனர். அவ்வேமாற்றம் நியாயமானதே. ஃபோர் ரொப்ஸ் குழுவினரின் பேர்ணடெற் என்ற 1967ஆம் ஆண்டுப் பாடலையோ, ஸ்ரீவீ வொண்டரின் ஃபோர் வன்ஸ் இன் மை லைஃப் என்ற 1968ஆம் ஆண்டுப் பதிவையோ ஊன்றிக் கேட்பவர்க்கு முதலிற் புலப்படுவது தொனியன்று, அசைவு. தாளத்தின் வன்மையான இடங்களை விட்டு விலகி மென்மையான இடங்களில் விழும் சுரங்கள், இரு இசைவுகளுக்கிடையே அரைச்சுரப் படிகளாய் இறங்கும் இணைப்புகள், திறந்த தந்தியை இடையிடையே தொட்டுச் செல்லும் துணிவு ஆகியவற்றால் பேஸ் பகுதி தனியொரு பாட்டாகவே நிகழ்கின்றது. பாடகரின் குரல் ஓரிடத்திற் தங்கும்போது அது நடக்கின்றது; குரல் நடக்கும்போது அது தங்குகின்றது.

தந்திக்கு இதில் பங்கில்லையா என வினவலாம். பங்குண்டு, அதனைச் சரியாக வரையறுத்தலே திறனாய்வின் கடமை. இத்துணை அசைவு மிக்க பேஸ் பகுதி, உலோக ஒளி மிக்க தந்தியில் வாசிக்கப்பட்டிருப்பின், பாடகரோடும் கிற்றார்களோடும் ஒரே மீடிறன் எல்லையில் மோதியிருக்கும். தட்டைச்சுற்றின் அடக்கமே அவ்வசைவுக்கு உரிமம் வழங்கிற்று. மேற்றொனிகளை விட்டுக்கொடுத்தமையால், சுரங்களின் எண்ணிக்கையில் அவர் தாராளமாக இருக்க முடிந்தது. ஒவ்வொரு சுரமும் முரசின் அறை போலத் தடித்து எழுந்து உடனே அடங்கியமையால், அடுத்த சுரத்துக்கு இடம் பிறந்தது. ஆகவே தந்தி, நுரைப்பஞ்சு, விரல், தாள உணர்வு ஆகிய யாவும் ஒரே நோக்கின் உறுப்புகளாக இயங்கின. அவற்றுள் விலைகொடுத்து வாங்கக்கூடியது தந்தி ஒன்றே என்பதனாலேயே எல்லாப் பெருமையும் தந்திக்குச் சேர்க்கப்படுகின்றது.

இவ்விடத்தில் அழகியல் வினா சமூக வினாவாக மாறுகின்றது. 1960களில் வெளிவந்த மோட்டவுண் இசைத்தட்டுகளில் வாத்தியம் வாசித்தோர் பெயர்கள் பொதுவாகப் பொறிக்கப்படவில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் செவிகளில் ஒலித்த விரல்களுக்கு உரியவர் யார் என்பதை அச்செவிகள் அறியவில்லை. மார்வின் கேயின் வட்ஸ் கோயிங் ஒன் என்னும் இசைத்தட்டு 1971ஆம் ஆண்டில் வெளிவந்தபோதே அதன் உறையில் ஜேமர்சனின் பெயர் இடம்பெற்றது. அடுத்த ஆண்டில் நிறுவனம் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குப் பெயர்ந்தது. அவரும் அந்நகர் சென்றாராயினும், புதிய ஒலியையும் புதிய முறைகளையும் வேண்டிய ஒலிப்பதிவுக்கூடங்களில் அவருக்கான இடம் சுருங்கிற்று. உருண்டைச்சுற்றுத் தந்தி கோலோச்சிய காலம் அது. 1983ஆம் ஆண்டில், 47ஆம் வயதில் அவர் இறப்பதற்குச் சிறிது முன்னர் அந்த 1962ஆம் ஆண்டுப் பேஸ் களவு போயிற்று. அவரது வாசிப்பை ஆராயும் நூல் 1989ஆம் ஆண்டிலும், அவரும் தோழர்களும் பற்றிய ஆவணப்படம் 2002ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இடையில் 2000ஆம் ஆண்டில் றொக் அன்ட் றோல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

உழைத்தவன் பெயரின்றி மறைய, உழைப்பின் விளைபொருள் பெயர்பெற்று உலவுவது சந்தைப் பொருளாதாரத்தின் வழமையான போக்கு. மோட்டவுண் ஒலியின் இரகசியம் இன்ன தந்தி எனக் கூறும் இரசிகன் அறிந்தோ அறியாமலோ அதே மறைப்பை மீண்டும் நிகழ்த்துகின்றான். அன்று இசைத்தட்டின் உறை செய்ததை இன்று தந்தியின் உறை செய்கின்றது. இம்முறை பெயர் அச்சாகியுள்ளதாயினும், அது விற்பனைக் குறியாகவே அச்சாகியுள்ளது.

4

தட்டைச்சுற்றுத் தந்தி என்பது ஒரே ஒலியைத் தருவதன்று என்பதற்கு வேறு சான்றுகளும் உள. லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக்கூடங்களில் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்த கறோல் கேய் தட்டைச்சுற்றையே பயன்படுத்தினார். ஆனால் அவர் விரலை விடுத்துப் பிளெக்ட்ரத்தால் மீட்டினார். தந்திகளின்மீது கம்பளித்துண்டு வைத்து அவற்றை அடக்கினார். விளைந்த ஒலி துல்லியமான தொடக்கமுடையதாய், சிறிய வானொலிப் பெட்டியிலும் தெளிவாகக் கேட்கத்தக்கதாய் அமைந்தது. ஜேமர்சனின் தடித்த ஒலியோடு அதனை மயங்க வேண்டியதில்லை.

இன்னும் வியப்புக்குரியது அயன் மெயிடன் குழுவின் ஸ்ரீவ் ஹரிஸ் தரும் சான்றாகும். வன் உலோக இசை எனப்படும் ஹெவி மெற்றல் வகையில், குதிரைப் பாய்ச்சல் போன்ற தாளத்தில் விரல்களால் வேகமாக வாசிக்கும் இவரும் தட்டைச்சுற்றையே பூட்டுகின்றார். அவற்றின் தடிப்பு 0.050 முதல் 0.110 அங்குலம் வரை. ஜேமர்சனின் தந்திகளை அது பெரிதும் ஒத்தது. ஆயின் ஜேமர்சன் தந்தியை மாற்ற மறுத்தவர்; ஹரிஸ் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி புதுத்தந்தி பூட்டுபவர். 1983ஆம் ஆண்டின் த ட்றூப்பர் என்ற பாடலில், புதுத்தந்தி மெட்டுகளில் மோதி எழுப்பும் உலோகச் சொடுக்கொலியே பேஸை இரு மின் கிற்றார்களுக்கு மேலாக எடுத்துச்செல்கின்றது. மந்தமானது எனப் பழிக்கப்பட்ட தந்தியே இங்கு ஆரவாரத்தின் கருவியாகியுள்ளது. தந்தியொன்றுக்கு நிலையான ஒரு பொருளைக் கற்பிப்போர் இவ்விரு இசைஞரையும் ஒருங்கே விளக்குதல் அரிது.

5

அவ்வாறாயின் தெரிவு எவ்வாறு அமைதல் வேண்டும்? இதற்கு விடைகாண்பதற்கு வினாக்களின் வரிசையை மாற்றுதல் முதற்படியாகும். எந்த நிறுவனத்தின் தந்தி சிறந்தது என்ற வினா இறுதியில் வரவேண்டியது. குழுவில் பேஸின் பணி யாது, அதனோடு ஒரே மீடிறன் எல்லையில் ஒலிக்கும் பிற வாத்தியங்கள் எவை, சுரம் நீளவேண்டுமா அடங்கவேண்டுமா என்பனவே முதலில் எழுப்பப்பட வேண்டியவை. பாடகரையும் முரசையும் தாங்கி நிற்பது பணியாயின் தட்டைச்சுற்று இயல்பாகவே பொருந்தும். பேஸே முன்னின்று பாட வேண்டுமாயின், அறைந்து வாசிக்கும் முறை வேண்டப்படுமாயின், அல்லது மேற்றொனிகளைக் கொண்டே படைப்பு அமையுமாயின் அதனைத் தவிர்த்தலே நேர்மை.

அடுத்து வருவது இழுவை. இதுபற்றிய கவனக்குறைவே பல தவறான தெரிவுகளுக்குக் காரணம். ஒரே சுரத்துக்கு ஏற்றப்படும்போது இழுவை ஓரலகு நீளத்தின் திணிவோடு நேராக உயரும். ஒரே உலோகமும் ஒரே அமைப்பும் எனக் கொண்டால் அத்திணிவு தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே மிக மெல்லிய தந்தி 0.043 அங்குலமாக உள்ள தொகுதியிலிருந்து அது 0.052 அங்குலமாக உள்ள தொகுதிக்கு மாறுவோன், அத்தந்தியில் ஏறத்தாழ 46 வீதம் கூடுதலான இழுவையைத் தன் விரலாலும் கருவியின் கழுத்தாலும் தாங்க வேண்டியவனாகின்றான். கருவியின் தந்தி நீளமும் இதனோடு தொடர்புடையது. 34 அங்குலக் கருவிக்குப் பொருந்தும் தடிப்பை 30 அங்குலக் கருவியில் பூட்டினால் இழுவை ஏறத்தாழ 22 வீதம் குறையும். அங்கு தந்தி தளர்ந்து தடுமாறும். எண்ணை மட்டும் நோக்குவதும் போதாது. வியன்னாவின் தொமாஸ்ரிக்-இன்ஃபெல்ட் நிறுவனம் செய்யும் ஜாஸ் வகைத் தட்டைச்சுற்று, 0.043 முதல் 0.100 அங்குலம் வரையான நிக்கல் நாடாத் தந்தி, விரலுக்கு மிக இளக்கமானது. டடாறியோ நிறுவனத்தின் குறோம்ஸ் என்னும் தொகுதியும் 0.045 முதல் 0.100 அங்குலம் வரையானதே. ஆயினும் அது இறுக்கமும் துலக்கமும் கூடியது. உள்ளிழையின் தடிப்பும் சுற்றின் உலோகமும் மாறுவதால் ஒத்த எண்கள் ஒவ்வாத ஒலிகளைத் தருகின்றன.

கருவியின் நிலையும் கருதத்தக்கது. இழுவை மிகுந்த தந்தி பூட்டப்படும்போது கழுத்து முன்வளையும்; அதனுள் அமைந்த உருக்குக் கோலைத் திருத்தி அவ்வளைவை ஈடுசெய்தல் வேண்டும். கழுத்தின் தலைப்பில் தந்தி அமரும் பள்ளங்கள் மெல்லிய தந்திக்கென வெட்டப்பட்டிருப்பின் கனத்த தந்தி அவற்றுள் இறங்காது. உடலின் பின்புறத்திலிருந்து துளைவழியே தந்தி ஏறும் கருவிகளில் தட்டைச்சுற்று கூர்ங்கோணத்தில் மடிந்து முறியக்கூடும். தந்தியின் எஞ்சிய நுனியை வெட்டுமுன் வெட்டும் இடத்துக்குச் சற்று உட்புறமாக அதனைச் செங்கோணமாக மடித்துக்கொள்ளாவிடின் உலோக நாடா உள்ளிழையின்மீது நழுவித் தந்தி உயிரிழக்கும். இவை சிறு செய்திகளே. ஆயினும் தந்தி மந்தமாக ஒலிக்கின்றது என முறையிடுவோர் பலர் உண்மையில் இவற்றிலொன்றையே முறையிடுகின்றனர்.

விலையும் ஒரு காரணியே. தட்டைச்சுற்று பெரும்பாலும் விலை கூடியது. ஆனால் சில மாதங்களுக்கொருமுறை மாற்ற வேண்டிய தந்தியோடு ஆண்டுகள் பல நிற்கும் தந்தியை ஒப்பிடும்போது கணக்கு தலைகீழாகின்றது. பணவசதி குறைந்த இசைஞனுக்கு இது அற்பமான செய்தியன்று. அதேவேளை, நீண்டு நிற்கும் தந்தியைத் தெரிவு செய்தவன் அதன் தவறையும் நீண்டகாலம் சுமப்பான். பூட்டிய முதல்நாளிலேயே தீர்ப்பு வழங்காது, தந்தி பழகி அடங்கும்வரை சில கிழமைகள் பொறுத்து, தனியறையில் மட்டுமன்றிக் குழுவோடும் வாசித்துக் கேட்டபின் முடிவெடுத்தலே தக்கது. தனியே கேட்கும்போது வறியதாகத் தோன்றும் தட்டைச்சுற்றின் ஒலி, குழுவினுள் தன் இடத்தைக் கண்டுகொள்வதுண்டு. தனியே கேட்கும்போது செழிப்பாகத் தோன்றும் ஒலி குழுவினுள் பிறர் இடத்தைப் பறிப்பதும் உண்டு.

6

இதுகாறும் கூறியவற்றிலிருந்து தந்தி பொருட்டன்று என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். பௌதிக அடிப்படை இன்றி இசை இல்லை. உருக்கு நாடாவின் விளிம்புகள் பொருந்தும் விதமும் உள்ளிழையின் தடிப்பும் செவியை வந்தடையும் ஒலியில் திட்டவட்டமான மாற்றங்களை ஏற்படுத்துகின்றன. அவற்றை அறியாது வெறும் உணர்ச்சிச் சொற்களால் தொனியைப் போற்றுவது இரசனையாகாது. மறுபுறம் அவற்றை மட்டும் அறிந்து அமைவதும் திறனாய்வாகாது. யாப்பிலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவனெல்லாம் கவிஞனாகாதது போலவே, யாப்பை அறியாதவன் கவிதையின் வெற்றியை விளக்கவும் இயலாது.

தட்டைச்சுற்றுத் தந்தியைத் தெரிவு செய்பவன் சிலவற்றைத் துறக்கின்றான். உயர் மேற்றொனிகளையும் நீண்ட ஒலிப்பையும் கூட்டத்தினின்றும் தனித்து மின்னும் வாய்ப்பையும் அவன் விட்டுக்கொடுக்கின்றான். அத்துறவு எதன்பொருட்டு என்பதை அறிந்து செய்யும்போதே அது தெரிவாகின்றது. பிறர் புகழ்ந்தனர் என்பதற்காகச் செய்யும்போது அது நுகர்வாகவே எஞ்சுகின்றது. அவ்வாறே அதனை மறுப்பவனும் தன் இசைக்கு வேண்டியது யாதென அறிந்து மறுப்பானாயின் அவன்மீது குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

இசைத்தட்டுகளைக் கேட்போருக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. தாழ்குரல் ஒலியொன்று நெஞ்சைத் தொடும்போது, அங்கு பூட்டப்பட்டிருந்த தந்தி யாது என வினவுவது இயல்பே. அதற்கு முன்னதாக, அதனை வாசித்தவர் யார் என வினவுதல் வேண்டும். அவ்வினாவை இரசிகர் உலகம் காலத்தில் எழுப்பியிருப்பின், ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பெயரை இசைத்தட்டின் உறையிற் காண்பதற்கு 1971ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்திராது.